ஒரே ராத்திரியில் ஒரு மொழிபெயர்ப்பு: வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கதை

2024 நவம்பர் மாசம் உங்க போனுக்கு ஒரு வீடியோ வந்திருக்கும். நியூசிலாந்து நாடாளுமன்றம். ஒரு இளம் பெண் எம்.பி. எழுந்து நிற்கிறார். ஹாக்கா முழங்கியபடியே கையில் இருக்கிற மசோதா நகலை ரெண்டாகக் கிழிக்கிறார். பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்களும், மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அவைத்தலைவர் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. அந்த எம்.பி.யின் பெயர் ஹானா-ராஃபிட்டி மைப்பி-கிளார்க். அப்போ அவருக்கு வயசு 22.

நம்மில் நிறைய பேர் அதை ஷேர் பண்ணினோம், "செம கெத்து" என்று கமென்ட் போட்டோம், அடுத்த ரீலுக்குப் போய்விட்டோம். ஆனால் அவர் கிழித்தது என்ன மசோதா? அதில் அவ்வளவு கோபப்பட என்ன இருந்தது?

இந்தக் கதையின் வேர் அந்தச் சம்பவத்துக்கு 184 வருஷத்துக்கு முன்னால், ஒரு ராத்திரியில் அவசர அவசரமாகச் செய்த ஒரு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்ற கேள்விதான் ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது. இந்த எபிசோடில் அதைத்தான் பார்க்கப் போறோம்.

கேப்டன் வந்து இறங்குகிறார்

1840. நியூசிலாந்து அப்போது முழுக்க முழுக்க மாவோரி மக்களின் நாடு. அவர்கள் எண்ணிக்கை எழுபதாயிரத்துக்கும் மேலே. ஐரோப்பியர்கள் சுமார் 2,000 பேர்தான். வெள்ளைக்காரர்களை மாவோரி மொழியில் 'பாக்கெஹா' என்பார்கள். அந்த ரெண்டாயிரம் பேரில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் உண்டு, வியாபாரிகள் உண்டு, மிஷனரிகள் உண்டு. கொரோராரேக்கா என்ற துறைமுகத்தில் குடியும் அடிதடியும் தினசரிக் காட்சி. இன்னொரு பக்கம், நியூசிலாந்து கம்பெனி என்ற லண்டன் நிறுவனம் பெரிய பெரிய நிலப்பரப்புகளை வளைத்துப்போட ஆள் அனுப்பிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது.

இந்தச் சூழலில் பிரிட்டிஷ் அரசு வில்லியம் ஹாப்சன் என்ற கடற்படை கேப்டனை அனுப்பியது. அவருக்குக் கொடுத்த உத்தரவின் சாரம் இதுதான்: அந்த நாட்டின் இறையாண்மையை மகாராணிக்கு வாங்கிக்கொண்டு வா, ஆனால் அந்த மக்கள் விஷயம் புரிந்து, தாங்களாகவே சம்மதிக்க வேண்டும். 'புரிந்து' என்ற இந்த வார்த்தையை ஞாபகத்தில் வெச்சுக்குங்க.

ஹாப்சன் ஜனவரி 29-ம் தேதி வந்து இறங்கினார். அவரும், ஏற்கெனவே அங்கே பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் பஸ்பியும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு வரைவைத் தயார் பண்ணினார்கள். மூன்றே மூன்று ஷரத்து. பிப்ரவரி 4-ம் தேதி சாயங்காலம் அதை ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரி கையில் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மாவோரித் தலைவர்கள் கூடப் போகிறார்கள். அதற்குள் மாவோரியில் வேணும்.

வில்லியம்ஸும் அவருடைய மகன் எட்வர்டும் உட்கார்ந்தார்கள். ரெண்டு பேருமே வக்கீல் கிடையாது. அப்பா ஒரு முன்னாள் கடற்படை அதிகாரி, பிறகு மதபோதகர். மகன் சின்ன வயசிலிருந்தே மாவோரி மொழி கேட்டு வளர்ந்த இளைஞர். அவர்களுக்கு இருந்தது ஒரு ராத்திரி.

'இறையாண்மை' என்பதை எப்படிச் சொல்வது?

முதல் ஷரத்தின் சாரம்: தலைவர்கள் தங்களுடைய இறையாண்மை அதிகாரம் முழுவதையும் மகாராணிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஒரு நிமிஷம் நீங்களே யோசிச்சுப் பாருங்க. நியூஸில் 'இறையாண்மை'ன்னு தினமும் கேட்கிறோம். அதை உங்க பாட்டிக்கு ஒரே வார்த்தையில் விளக்கணும்னா எந்த வார்த்தையைச் சொல்வீங்க? ஆட்சியா? உரிமையா? அதிகாரமா? எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் இடிக்கும். வில்லியம்ஸுக்கும் அதே சிக்கல்தான். மாவோரிகளிடம் ஒரே ராஜா, ஒரே அரசாங்கம் என்ற அமைப்பு இல்லை. ஒவ்வொரு குலக்குழுவுக்கும் அதனதன் தலைவர்.

அவர் போட்ட சொல்: 'காவனதங்கா'.

இதைப் பிரிச்சுப் பார்த்தா நமக்குச் சுலபமாகப் புரியும். மாவோரியில் எல்லாச் சொல்லும் உயிரெழுத்தில்தான் முடியணும். நாம 'பஸ்'ஸை 'பஸ்ஸு' ஆக்குகிற மாதிரி, அவர்கள் 'கவர்னர்' என்ற ஆங்கிலச் சொல்லை 'காவனா' ஆக்கிக்கொண்டார்கள். 'தங்கா' என்பது பின்னால் ஒட்டுகிற விகுதி, நம்ம 'தனம்' மாதிரி. பெரிய மனுஷத்தனம், முதலாளித்தனம் என்கிறோமே, அப்படி. ஆக காவனதங்கா என்றால் 'கவர்னர்த்தனம்'. கவர்னர் பார்க்கிற வேலை, கவர்னரின் பொறுப்பு.

இந்தச் சொல்லைக் கேட்ட மாவோரித் தலைவரின் மனசில் என்ன படம் ஓடியிருக்கும்? ரெண்டு கவர்னர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். ஒருவர், சிட்னியில் உட்கார்ந்து நியூ சவுத் வேல்ஸை ஆளும் கவர்னர். சில தலைவர்கள் கப்பலேறிப் போய் அவரைப் பார்த்தே இருக்கிறார்கள். இன்னொருவர் பைபிளில் வருகிற பொந்தியு பிலாத்து. தமிழ் பைபிள் அவரை 'தேசாதிபதி' என்கிறது. மாவோரி பைபிள் 'காவனா' என்றது. ராஜாவுக்குக் கீழே ஒரு அதிகாரி, அவ்வளவுதான்.

இப்போ ரெண்டாவது ஷரத்துக்கு வாங்க. ஆங்கிலத்தில் இது ஒரு சொத்து உத்தரவாதம். உங்க நிலம், காடு, மீன்பிடி இடம் எல்லாம் உங்க கையிலேயே இருக்கும், யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம். மாவோரியில் வில்லியம்ஸ் இதற்குப் போட்ட சொல் 'தீனோ ரங்கதீரதங்கா'. 'ரங்கதீரா' என்றால் தலைவர். ரங்கதீரதங்கா என்றால் தலைமை, ஒரு தலைவர் தன் மண்ணிலும் மக்களிடமும் செலுத்துகிற முழு அதிகாரம். முன்னால் இருக்கிற 'தீனோ' அதை இன்னும் அழுத்துகிறது: உச்சபட்சத் தலைமை.

இந்தச் சொல்லும் பைபிளில் உண்டு. 1837-ல் புதிய ஏற்பாடு முழுவதும் மாவோரியில் அச்சாகியிருந்தது. பரமண்டல ஜெபத்தில் கடவுளின் ராஜ்யம் வர வேண்டும் என்று கேட்கிற இடம் இருக்கிறதே, அங்கே 'ராஜ்யம்' என்பதற்குப் போட்ட சொல் ரங்கதீரதங்காதான்!

கணக்குப் போட்டுப் பாருங்க. மாவோரிப் பத்திரத்தின்படி தலைவர்கள் கொடுத்தது பிலாத்துவின் பதவி மாதிரி ஒன்று. தங்களிடமே வைத்துக்கொண்டது கடவுளின் ராஜ்யத்துக்குப் பயன்படுத்திய சொல். ஆங்கிலப் பத்திரத்தின்படி கொடுத்தது நாட்டின் முழு இறையாண்மை, வைத்துக்கொண்டது சொத்துரிமை. ஒரே மேஜை, ஒரே நாள், ரெண்டு ஒப்பந்தம்.

போடாத சொல்

வேற சொல் கிடைக்காமலா இப்படி ஆனது? இங்கேதான் கதை சிக்கலாகிறது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால், 1835-ல், வடக்குப் பகுதியின் தலைவர்கள் ஒரு சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதையும் மாவோரியில் மொழிபெயர்த்தவர் இதே ஹென்றி வில்லியம்ஸ். அங்கே நாட்டின் உச்ச அதிகாரத்தைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொற்களில் ஒன்று 'மனா'.

'மனா'வை மொழிபெயர்ப்பது கஷ்டம். அதிகாரம், கௌரவம், முன்னோரிடமிருந்து வருகிற ஒரு சக்தி, எல்லாம் கலந்தது. நம்ம 'மானம்' என்ற சொல்லோடு அதற்கு உறவு எதுவும் கிடையாது. ஆனால் 'மானம்' என்பதை ஒரு ஆங்கிலேயருக்கு விளக்கப் போனால் நாம எப்படித் திணறுவோமோ, கிட்டத்தட்ட அதே திணறல்தான்.

1840 ஒப்பந்தத்தில் 'மனா' வரவில்லை. 1972-ல் ரூத் ராஸ் என்ற நியூசிலாந்து வரலாற்று ஆய்வாளர் ரெண்டு மொழிப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இந்த இடைவெளியைப் பெரிய விவாதமாக்கிய கட்டுரை அது. மனாவை விட்டுக்கொடுக்கச் சொல்லியிருந்தால் எந்தத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்ற வாதம் அதற்குப் பிறகு வலுப்பட்டது.

அப்போ வில்லியம்ஸ் ஏமாற்றினாரா? சிலர் ஆமாம் என்கிறார்கள். மாவோரிகளைக் காப்பாற்ற பிரிட்டிஷ் ஆட்சி வந்தே ஆகணும் என்று அவர் நம்பினார், அதனால் கசப்பு மருந்தில் சர்க்கரை தடவினார் என்பது அவர்கள் வாதம். வேறு சிலர், இல்லாத கருத்துக்கு இருக்கிற சொற்களில் நெருக்கமான ஒன்றை எடுத்தார், ஒரு ராத்திரியில் வேறென்ன செய்ய முடியும் என்கிறார்கள். அவர் மனசில் என்ன இருந்தாலும் சரி, காகிதத்தில் விழுந்த சொற்களின் விளைவு மாறப்போவதில்லை.

வாக்குவாதம், ஒரு கேள்வி, கையெழுத்து

பிப்ரவரி 5. வைத்தாங்கியில் பஸ்பி வீட்டுக்கு முன்னால் பெரிய கூடாரம். ஹாப்சன் ஆங்கிலத்தில் படித்தார், வில்லியம்ஸ் மாவோரியில் படித்தார். பிறகு தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போகிற கூட்டம் இல்லை அது. தே கேமாரா என்ற தலைவர் எழுந்து, கவர்னரும் நாங்களும் சமமாக இருப்பதென்றால் சரி, கவர்னர் மேலே, நான் கீழே என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், திரும்பிப் போய்விடு என்றார். தாமதி வாக்கா நேனே வேறு மாதிரி பேசினார். வியாபாரிகளைத் துரத்துவதென்றால் பல வருஷத்துக்கு முன்னாலேயே துரத்தியிருக்கணும், இப்போ நேரம் கடந்துவிட்டது, கவர்னர் இருந்து எங்களுக்குள் நியாயம் பேசி வைக்கட்டும் என்றார். காற்று மாறியது.

மறுநாள், பிப்ரவரி 6. கையெழுத்து ஆரம்பிக்கப் போகிற நேரம். வில்லியம் கொலென்சோ என்ற மிஷன் அச்சுக்காரர் எழுந்தார். அந்த மாவோரிப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர் இவர்தான். ஹாப்சனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தத் தலைவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் புரிந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

ஹாப்சன், புரியவைக்க என்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டேன், இதற்கு மேல் நான் என்ன செய்வது என்கிற தொனியில் பதில் சொன்னார். கையெழுத்து தொடர்ந்தது. முதலில் போட்டவர் ஹோனே ஹேக்கே. இந்தப் பெயர் மறுபடியும் வரும்.

அன்றைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட தலைவர்கள். பிறகு பிரதிகள் நாடு முழுக்கச் சுற்றி, மொத்தம் ஐந்நூறுக்கும் மேல். அதில் சில பெண் தலைவர்களும் உண்டு. இந்த ஐந்நூறில் ஆங்கிலப் பிரதியில் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர் மட்டும். மற்ற எல்லாரும் மாவோரிப் பிரதியில்தான் போட்டார்கள்.

நிழலும் பொருளும்

ஏப்ரல் மாசம், வடகோடியில் கைத்தாயா என்ற ஊரில் நோபெரா பானகரேயாவ் என்ற தலைவர் ஒப்பந்தத்தை ஒரு உவமையால் விளக்கினார்: நிலத்தின் நிழல்தான் மகாராணிக்குப் போகிறது, நிலம் நம்மிடமே இருக்கிறது. காவனதங்கா, ரங்கதீரதங்கா ரெண்டையும் அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கொஞ்ச காலம் கழித்து அதே மனிதர் உவமையைத் திருப்பிப் போட்டார்: நிலம் மகாராணிக்குப் போகிறது, நமக்கு மிஞ்சப்போவது நிழல்தான்.

ஏன் அப்படிச் சொன்னார்? 1840 மே 21-ம் தேதியே, கையெழுத்து வாங்குகிற வேலை முடிவதற்கு முன்னாலேயே, ஹாப்சன் நியூசிலாந்து முழுவதும் பிரிட்டிஷ் இறையாண்மைக்குக் கீழே வந்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த வருஷம் தலைநகரம் ஆக்லாந்துக்குப் போனது. சுங்க வரி வந்தது. வடக்கே கப்பல் வியாபாரம் சுருங்கியது. 1844 ஜூலையில் கொரோராரேக்கா குன்றில் பிரிட்டிஷ் கொடி பறந்த கம்பம் வெட்டிச் சாய்க்கப்பட்டது. திரும்ப நட்டார்கள், திரும்ப வெட்டினார்கள். 1845 மார்ச்சுக்குள் நாலு தடவை! இதன் பின்னால் நின்றவர், முதல் கையெழுத்துப் போட்ட அதே ஹோனே ஹேக்கே. நாலாவது தடவை போர் வெடித்தது.

1860-களில் இன்னும் பெரிய போர்கள் வந்தன. 1863-ல் ஒரு சட்டம் போட்டு, 'கலகம்' செய்ததாகச் சொன்ன இனக்குழுக்களின் நிலத்தை அரசு பறிமுதல் செய்தது. 'கலகம்' என்ற சொல்லைக் கவனியுங்க. நீங்கள் இறையாண்மையைக் கொடுத்திருந்தால்தான் உங்கள் எதிர்ப்புக்குக் கலகம் என்று பெயர். கொடுக்கவே இல்லை என்றால் அது தற்காப்பு. அந்த ஒரு ராத்திரியில் தேர்ந்தெடுத்த சொல், லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தின் விதியை முடிவு பண்ணியது.

1877-ல் ஒரு வழக்கில் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட், இந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாக்காசு என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டார். காகிதத்துக்கும் அதே கதிதான். மூலப் பிரதிகள் வெலிங்டனில் ஒரு அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்தன. 1908-ல் தேடி எடுத்தபோது தண்ணீர் பட்டு, எலி கடித்து, ஓரமெல்லாம் போயிருந்தது.

திரும்பப் படிக்கிறார்கள்

மாவோரிகள் மட்டும் மறக்கவில்லை. மனு கொடுத்தார்கள், லண்டன் வரை போனார்கள், பேரணி நடத்தினார்கள். கடைசியில் 1975-ல் வைத்தாங்கி தீர்ப்பாயம் என்ற அமைப்பு வந்தது. 1985-ல் அதன் அதிகாரம் விரிவாகி, 1840 வரைக்கும் பின்னால் போய் முறையீடுகளை விசாரிக்கலாம் என்றானது. இந்தத் தீர்ப்பாயத்தின் முன்னால் ரெண்டு மொழிப் பிரதிகளும் உண்டு. ரெண்டையும் சேர்த்துத்தான் அர்த்தம் சொல்லணும்.

இங்கே ஒரு அழகான திருப்பம். ரெண்டாவது ஷரத்தில் ஆங்கிலம் நிலம், காடு, மீன்பிடி இடம் என்று பட்டியல் போட்டது. மாவோரிப் பிரதி நிலம், வீடு வாசல் என்று சொல்லிவிட்டு, 'தாவோங்கா' எல்லாம் என்றது. தாவோங்கா என்றால் பொக்கிஷம், அருமையாகப் போற்றி வைத்திருக்கிற எதுவும். அப்போ மொழி? பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசியதற்காகக் குழந்தைகள் அடி வாங்கிய நாடு அது. பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எங்கள் மொழியும் தாவோங்காதான், அதைக் காப்பாற்றுவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1986-ல் தீர்ப்பாயம் அதை ஏற்றது. 1987-ல் மாவோரி ஆட்சிமொழியானது. 1840-ல் நிலத்தை எடுத்துப் போக உதவிய அதே மொழிபெயர்ப்பு இடைவெளி, 147 வருஷம் கழித்து ஒரு மொழியைக் காப்பாற்ற வழிவிட்டது.

2014-ல் தீர்ப்பாயம் இன்னொரு பெரிய முடிவுக்கு வந்தது: 1840 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்ட வடக்குத் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. சத்தம் பெரிசாக இருந்தது. அரசு இதை ஏற்கவில்லை, இறையாண்மை அரசிடமே என்றது.

இப்போ அந்த வீடியோவுக்கு வரலாம். ஆக்ட் என்ற கட்சி கொண்டுவந்த அந்த மசோதா, ஒப்பந்தத்தின் 'கோட்பாடுகள்' என்ன என்று நாடாளுமன்றமே வரையறுத்துவிட வேண்டும் என்றது. எல்லாக் குடிமக்களும் சமம் என்பதுதான் எங்கள் நோக்கம் என்றார்கள் ஆதரவாளர்கள். கையெழுத்துப் போட்ட ரெண்டு தரப்பில் ஒரு தரப்பு மட்டும் உட்கார்ந்து, மறுபடியும் சொல்லின் அர்த்தத்தை மாற்றுகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். நவம்பர் 19-ம் தேதி நாடாளுமன்றத்தின் முன்னால் கூடியவர்கள், போலீஸ் கணக்குப்படி, சுமார் 42,000 பேர். 2025 ஏப்ரல் 10-ம் தேதி வாக்கெடுப்பு: ஆதரவு 11, எதிர்ப்பு 112. மசோதா தோற்றது. ஆனால் காவனதங்கா என்றால் என்ன என்ற கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பானையான மணி

முடிக்கிறதுக்கு முன்னால் நமக்கு நெருக்கமான ஒரு விஷயம். அந்தக் கேள்வியைக் கேட்டாரே கொலென்சோ, அவர் 1836 வாக்கில் வடக்குப் பகுதியில் பயணம் போனபோது, ஒரு மாவோரி ஊரில் பெண்கள் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். விசாரித்தால், ரொம்ப காலத்துக்கு முன்னால் புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்றார்கள். உற்றுப் பார்த்தால் அது உடைந்த மணியின் மேல்பாகம். அதில் சுற்றிலும் எழுத்து. தமிழ் எழுத்து! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. இப்போ வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கப்பலில் அது மணி. கரையில், எழுத்து தெரியாத கைகளில், நல்ல உறுதியான பானை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. அர்த்தம் இடம் மாறும்போது மாறத்தான் செய்யும், அது பாவம் கிடையாது.

ஒப்பந்தத்தில் நடந்தது வேறு. அங்கே மாறிய அர்த்தத்துக்கு ஒரு தரப்புதான் விலை கொடுத்தது. சந்தேகம் வந்த போதெல்லாம் எந்த மொழிப் பிரதியைப் பார்ப்பது என்று முடிவு பண்ணியது துப்பாக்கியும் நீதிமன்றமும் வைத்திருந்த தரப்பு.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. நம்ம ஊரிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்த கடன் பத்திரத்தில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! "எங்கே போடணும்னு சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிட்டுப் போடுவார்கள். அடுத்த தடவை உங்க வீட்டில் யாராவது அப்படி ஒரு காகிதத்தை நீட்டினால், பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் என்ன எழுதியிருக்குன்னு அவங்க மொழியில் சொல்லிட்டு, கொலென்சோ கேட்ட அந்தக் கேள்வியையும் கேளுங்க: புரிஞ்சுதா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.